கணப்பைச் சுற்றி வெள்ளை ரைல்ஸ்

ஹோலுக்குள் இன்னும் ஈரச் சீமெந்து மணக்கிறது. யன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. நான் குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருக்கிறேன், அந்த மணம் நடையைத் தாண்டி இங்கேயும் வருகிறது. யாரோ புதிதாக வீடு கட்டிக் குடிவரப்போகிறார்கள் என்று சொல்கிற மணம். எங்கள் வீட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாத மணம்.

உமக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஹோலில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிற கணப்பைச் சுற்றியிருந்த அந்தப் பழைய ரைல்ஸை மூடியாயிற்று. மேலே வெள்ளை ரைல்ஸ் ஒட்டியிருக்கிறது. நீர் கேட்ட அதே வெள்ளை. பளபளக்காமல், பால் ஆடை மாதிரி. வேலைக்கு வந்தவர் தன் வாளியையும் கரண்டியையும் கழுவி எடுத்துக்கொண்டு நேற்றுப் பின்னேரம் போய்விட்டார். நல்ல வேலை. பார்க்க வடிவாக இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குள் ஒரு சந்தோசமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உம்மிடம் நடித்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம் இந்த வீட்டைப் பார்க்க வந்த நாளில் நீர் ஹோலைத் தாண்டவே இல்லை. வீடு விற்கிற ஏஜென்ற் மேல்மாடி, பேஸ்மென்ற், கராஜ் என்று காட்டிக்கொண்டே போக, நான் ஆட்டுக்குட்டி மாதிரி அவருக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்தேன். நீர் கைப்பையைத் தோளில் கொழுவியபடி அதே இடத்தில் கணப்பைப் பார்த்துக்கொண்டு நின்றீர். சுற்றிவர மண்ணிற ரைல்ஸ். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகுமஞ்சளில் ஒரு பெரிய பூ. இந்த வீட்டைக் கட்டிய காலத்தில் அதுதான் நாகரிகமாக இருந்திருக்கும்.

“ஆரோ கறிக்குப் போடுற சரக்குத்தூளைக் கரைச்சுச் சுவரில ஊத்திவிட்ட மாதிரிக் கிடக்கு,” என்றீர்.

ஏஜென்ற் சிரித்தார். “உது பழைய மொடல் அன்ரி. ஒரு வீக்கெண்ட் வேலை, மாத்திப்போடலாம்.”

ரைல்ஸ் மேல் இருந்த கோபம் அந்தக் கணமே அவர் மேல் திரும்பிவிட்டது. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், “அந்தாளுக்கு என்னைவிட வயசு கூட. அன்ரியாம்,” என்றீர். வீட்டைப் பற்றிக் கேட்டேன். “வீடு நல்லம். ரைல்ஸ் சரியில்லை. ஏஜென்ற் அதைவிடச் சரியில்லை,” என்றீர். அப்படித்தான் நாங்கள் இந்த வீட்டை வாங்கினோம்.

குடிபுகுந்த நாளை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவேண்டும். இப்போது வருவதில்லை. ஆனாலும் நீர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை அது, அதனால் எழுதுகிறேன். புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும். குசினியில் இருந்ததோ மின்சார அடுப்பு. அதில் பானையை வைக்க உமக்கு மனம் ஒப்பவில்லை. “உது சிவக்குதே ஒழிய எரியேல்லை. கண்ணுக்குத் தெரியிற நெருப்பிலதான் பால் காய்ச்சோணும்,” என்று பிடிவாதமாக நின்றீர். வீட்டில் கண்ணுக்குத் தெரியிற நெருப்பு மூட்டக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது. கணப்புக்குள் செங்கல் வைத்து, பெற்றோல் ஸ்ரேசனில் விற்கிற விறகை அடுக்கி, அதன் மேல் புதுப் பானையை ஏற்றினோம். புகைபோக்கிக்குள் ஒரு தகடு இருக்கிறது, அதைத் திறந்துவிட்டுத்தான் நெருப்பு மூட்ட வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நாங்கள் பார்த்து வளர்ந்த எந்த அடுப்புக்கு வானத்துப் பக்கம் மூடி இருந்தது?

பால் பொங்குவதற்கு முன் புகை பொங்கியது. அலாரம் கத்தத் தொடங்க, பட்டுச் சேலையும் வேட்டியுமாக வந்திருந்த சனமெல்லாம் வெறுங்காலோடு பனிக்குள் ஓடியது. வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளுக்குள் தங்களுடையதைத் தேட யாருக்கும் நேரமிருக்கவில்லை. நீர் மட்டும் வெளியே வரவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பானைக்குப் பக்கத்தில் நின்றீர். நான் இருமிக்கொண்டே உம்முடைய கையைப் பிடித்து இழுக்க, “பொறுங்கோ, பொறுங்கோ, இப்ப பொங்கப்போகுது,” என்றீர். பொங்கியது. ரைல்ஸெல்லாம் வழிந்தது. அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வெளியே வந்தீர்.

தீயணைப்பு வண்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அழைத்திருந்தார். வந்தவர்களில் ஒரு பெரிய மனிதர் கையுறையோடு புகைபோக்கிக்குள் கையை விட்டு அந்தத் தகட்டை ஒரு தட்டுத் தட்டித் திறந்தார். அவ்வளவுதான். நீர் அவருக்கு ஒரு கிண்ணத்தில் பால் கொடுத்தீர். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கிக் குடித்தார். நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். நீர் என்னவென்றால், “நெருப்பணைக்கிற ஆளே வந்து முதல் பால் குடிச்சிருக்கிறார், இனி இந்த வீடு எரியாது,” என்று வந்த சனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்.

அடுத்த நாள் கரியையும் பாலையும் பழப்புளி போட்டுத் தேய்த்துக் கழுவினீர். கழுவக் கழுவக் கடுகுமஞ்சள் பூக்கள் பளிச்சென்று வெளியே வந்தன. “சீ, ஊத்தையோடயே வடிவா இருந்தது,” என்று பழப்புளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்.

அந்த ஏஜென்ற் சொன்ன வீக்கெண்ட் வரவேயில்லை. குறை யாரிலும் இல்லை. கடைக்குப் போய் மாதிரிக்கென்று ஒரு ரைலை எடுத்துவருவீர். அதைக் கணப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, காலை வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பீர். கொஞ்ச நாள் போக அதில் ஒரு குறை தெரியவரும். ஒன்று ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி. இன்னொன்று மீன்கடை மாதிரி. வேறொன்று, “வெள்ளைதான், ஆனா மனம் இல்லாத வெள்ளை.” மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நீர் இவ்வளவு ஆராயவில்லை என்று நான் பகிடி விட்டால், “மாப்பிள்ளை ஒஷாவாவில இருக்கப்போறார். இது என்ர கண்ணுக்கு முன்னால இருக்கப்போகுது,” என்பீர். வேண்டாம் என்று ஒதுக்கிய மாதிரிகளெல்லாம் சுடுசட்டி வைக்கிற தட்டுகளாக இந்தக் குசினியில் சேர்ந்துபோயின. இப்போதும் என் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே ஒன்று கிடக்கிறது. இது மீன்கடை என்று நினைக்கிறேன்.

பிறகு உமக்குப் புற்றுநோய் வருத்தம் வந்தது. உமக்குத் தெரிந்த கதையை உமக்கே எழுதுவது கொடுமை, ஆனால் அந்தக் குளிர் மாரிகாலத்தை எழுதாமல் மற்றதைச் சொல்ல என்னால் முடியாது. நோய்க்கு ஏற்றிய அந்த மருந்து உடம்புக்குள் போனதும் குளிர்ந்த எதையும் தொட முடியாமல் போயிற்று. பிரிட்ஜ் கதவைத் தொட்டால் கறன்ற் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றீர். குழாய்த் தண்ணீரும் அப்படி, கரண்டியும் அப்படி. ரொறன்ரோவின் தை மாதத்தில் குளிரைத் தொடாமல் ஒரு மனுசி எங்கே போவது? மருமகன் ஆளைப் பிடித்துக் கணப்புக்குள் காஸ் அடுப்பைப் பொருத்தித் தந்தார். ஒரு பொத்தானை அமத்தினால் நெருப்பு வரும். அன்று முதல் நீர் ஹோலிலேயே குடியிருந்தீர். கணப்புக்கு முன்னால் தரையிலிருந்து எழும்பியிருந்த அந்த மேடையில் தலையணை போட்டு, இடது பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருப்பீர். ஒட்டினாற்போல் ஒரு கதிரையில் நான்.

ஒரு நாள் நெருப்பை அணைத்த பிறகும் நீர் எழும்பவில்லை. படுக்கப் போகலாம் என்று கூப்பிட்டேன்.

“இஞ்சாருங்கோ, இஞ்ச கையை வைச்சுப் பாருங்கோ,” என்றீர்.

வைத்துப் பார்த்தேன். ரைல்ஸ் இன்னும் சூடாக இருந்தது.

“உந்தச் சரக்குத்தூள்தான் எனக்கு ஒத்தடம் பிடிக்குது. நான் இதைப் பேசாத பேச்சே,” என்றீர்.

“அப்ப இதை மாத்துறேல்லையோ?”

“மாத்தத்தான் வேணும். நான் எழும்பின பிறகு மாத்துவம்.”

நீர் எழும்பிவிடுவீர் என்று நான் நம்பினேன். அதை இப்போது நினைக்க எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. டொக்டர்மார் ஒன்றையும் ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் எங்களுக்கு விளங்கச் சொன்னார்கள். நான்தான் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து உமக்குச் சூப் காய்ச்சினேன்.

முடி கொட்டிப்போன தலை காய்ந்து எரிகிறது என்று நல்லெண்ணெய் பூசிவிடச் சொல்லுவீர். நான் உள்ளங்கையில் ஊற்றிச் சூடு காட்டி மெதுவாகப் பூசிவிடுவேன். அந்தத் தலையோடு நீர் சாய்ந்து சாய்ந்து, ஒரே ஒரு ரைலில், பூவுக்குக் கொஞ்சம் மேலே, எண்ணெய் படிந்துபோயிற்று. வட்டமும் இல்லை, வடிவமும் இல்லை. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். நீர் அதைக் கண்டுவிட்டு, “பாருங்கோ, நல்லா இருந்த சுவரை நாசமாக்கிப்போட்டன்,” என்று கவலைப்பட்டீர். உமக்கு ஒருநாளும் பிடிக்காத சுவர் அது. நான் அதைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு சிரித்திருந்தால் எனக்கு நினைவில்லை.

பனி கரைவதற்கு முன் ஆஸ்பத்திரியில் வைத்து நீர் என்னை விட்டுப் போய்ச் சேர்ந்தீர்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாள் வீடு கழுவ உம்முடைய தங்கச்சியும் மற்றப் பெண்களும் வந்தார்கள். சீலையும் வாளியுமாக ஒவ்வொரு அறையாகக் கழுவிக்கொண்டு வந்தார்கள். செத்தவீட்டுத் துடக்குக் கழிக்கிற வேலை, நான் தடுக்க முடியாது. ஹோலுக்கு வந்தபோது நான் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போய் அந்த ரைலுக்கு முன்னால் போட்டு அதில் இருந்துவிட்டேன்.

“அத்தான், கொஞ்சம் எழும்புங்கோ, உதையும் துடைச்சு விடுறம்,” என்றா உம்முடைய தங்கச்சி.

“இது சுத்தம். நீங்கள் அங்கால பாருங்கோ,” என்றேன்.

அவ விளங்கியோ விளங்காமலோ போய்விட்டா. அத்தானுக்கு மூளை கலங்கிப்போச்சு என்று காரில் போகும்போது கதைத்திருப்பார்கள். கதைக்கட்டும்.

ஆனால் காப்பாற்றி வைத்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அதுதான் என் நிலைமை. வெயில் யன்னலால் சாய்ந்து வந்து அந்த இடத்தில் விழும் நேரம் அந்த மினுக்கம் தெரியும். நீர் இப்போதுதான் எழும்பிப் போன மாதிரி இருக்கும். திரும்பி வருவீர் என்று உடம்பு காத்திருக்கும். மூளைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. பிறகு உடம்புக்கும் தெரியவரும். அதை ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து படிப்பித்துக்கொண்டிருக்க என்னால் ஏலவில்லை. நான் ஹோலுக்குப் போவதை விட்டேன். குசினிக் கதிரையில் இருந்தேன், சாப்பிட்டேன், சிலநேரம் மேசையில் தலையை வைத்து அப்படியே நித்திரை கொண்டேன். வாசலுக்குப் போகவும் பின்கதவால் இறங்கி வீட்டைச் சுற்றிப் போனேன்.

மகள் சனிக்கிழமைகளில் ஒஷாவாவிலிருந்து வருவாள். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. சமைத்து வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் வந்தபோது நான் மேசையில் கவிழ்ந்து கிடந்தேன். அவள் என்னைக் கூப்பிட்டதுகூட எனக்குக் கேட்கவில்லை. பிள்ளை பயந்துவிட்டாள். கண் முழித்துப் பார்த்தால் எனக்கு முன்னால் நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

“அப்பா, ஐ கான்ற் டூ திஸ். அம்மாவையும் குடுத்திட்டு உங்களையும் இப்பிடிப் பாக்க ஏலாது,” என்றாள்.

“எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை. நித்திரை.”

“ஹோலில போய்ப் படுக்கலாமே. சோஃபா இருக்குத்தானே.”

அவளுக்குத் தெரியும். எண்ணெய் படிந்த இடத்தை அவளும் கண்டிருந்தாள். அவளும் ஹோலுக்குள் போனால் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடப்பாள்.

கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பக்கத்தில் இருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “ஒண்டு செய்வம் அப்பா. அதைக் கவர் பண்ணுவம். உடைக்கத் தேவையில்லை, மேலாலையே புது ரைல் ஒட்டலாம். அம்மாவும் அதைத்தானே கேட்டவ, வெள்ளை. அது உள்ளுக்குள்ள அப்பிடியே இருக்கும், ஆரும் தொடமாட்டினம். அதுக்குப் பிறகும் உங்களால ஹோலில இருக்க ஏலாட்டி, வீட்டை வித்துப்போட்டு எங்களோட வந்திடுங்கோ. ஏலுமெண்டா இஞ்சயே இருங்கோ, நான் ஒண்டும் கேக்கமாட்டன். ஓகேயா?”

உள்ளுக்குள்ள அப்பிடியே இருக்கும். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் ஓம் என்றேன். நான் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் அது இருக்கும். நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பேன், எனக்குப் பின்னால் சுவருக்குள் நீர் சாய்ந்த இடம் சாய்ந்தபடி இருக்கும். எனக்கு அது போதும் என்று தோன்றியது. இந்த வீட்டை விட்டுப் போக நான் விரும்பவில்லை. நீர் இருந்த வீட்டை விட்டுப் போய், மகளுடைய பேஸ்மென்றில் ரீவி பார்த்துக்கொண்டு சாவதற்கு எனக்கு மனமில்லை.

மகளே கடைக்குப் போய் வெள்ளையைத் தெரிவு செய்தாள். உம்மைப்போலவே மாதிரி ரைலைச் சுவரில் சாய்த்து வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நான் நடையில் நின்று அவளைப் பார்த்தேன்.

வேலைக்கு வந்தவர் மன்னார்ப் பக்கம். நாற்பது வயதிருக்கும், கதை குறைவு. வந்தவுடன் விரலை மடக்கிப் பழைய ரைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டு போனார். எங்கேயாவது உள்ளே கழன்றிருந்தால் சத்தம் வேறு மாதிரி வருமாம்.

“எல்லாம் இறுக்கமா இருக்கு அண்ணை. அந்தக் காலத்து வேலை. மேலால ஒட்டலாம்,” என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. குசினிக்குப் போய் அவருக்குத் தேத்தண்ணி வைத்தேன். கொண்டுவந்து கொடுக்கும்போது அவர் இடது பக்கச் சுவருக்கு முன்னால் குந்தியிருந்தார்.

“உந்த ஒண்டில எண்ணெய் பிடிச்சிருக்கு அண்ணை.”

“ஓம்.”

“எண்ணெய் இருந்தாப் பசை பிடியாது. உதைத் துடைச்செடுத்து, பிறகு எல்லாத்தையும் உரஞ்சிப்போட்டுத்தான் ஒட்டோணும்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தேத்தண்ணிக் கோப்பையை அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். “அதை விட்டிட்டு மற்றதில ஒட்டேலாதோ?” என்று கேட்டேன்.

அவர் நல்ல மனிதர். பைத்தியக்காரக் கேள்வி என்று நினைத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “ஒட்டலாம். ஆனா நிக்காது. நெருப்புச் சூட்டுக்கு அது ஒண்டு கழண்டா மேல இருக்கிறதும் சேர்ந்து வரும். ஆராவது உதில சாஞ்சு இருந்தா தலையில விழும்.”

அதில் சாய இனி ஆளில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வேலையே வேண்டாம், போங்கோ என்று சொல்லவும் வாய் வந்தது. சொன்னால் நான் திரும்பக் குசினிக்குப் போகவேண்டும். சனிக்கிழமை மகள் வந்து திரும்ப நடுங்கிக்கொண்டு நிற்கவேண்டும். அவள் கண்ணைச் சுருக்கித் தெரிவு செய்த வெள்ளை ரைல்ஸ் பெட்டி பெட்டியாகக் கராஜில் இருந்தது. உம்முடைய பிள்ளையை நான் இன்னும் எத்தனை சனிக்கிழமைக்கு வதைப்பது? அவளைப் பார்ப்பதா, அந்த எண்ணெயைப் பார்ப்பதா? நீர் இருந்திருந்தால், “உதென்ன கேள்வி, பிள்ளையைப் பாருங்கோ,” என்று சொல்லியிருப்பீர்.

“நான் துடைக்கிறன்,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு துணியையும் எண்ணெய் எடுக்கிற மருந்துப் போத்தலையும் தந்துவிட்டு, தன் வான் வண்டியில் ஒரு சாமான் எடுக்க வேண்டும் என்று வெளியே போனார். அவருக்கு எடுக்க ஒன்றும் இருக்கவில்லை, எல்லாவற்றையும் முதலே இறக்கிவிட்டார்.

நான் மேடையில் முழங்காலில் நின்றேன். முதலில் மணந்து பார்த்தேன். நல்லெண்ணெய் மணம் எப்போதோ போய்விட்டது, தூசிதான் மணந்தது. பிறகு உம்முடைய இடத்தில் இருந்து, உம்மைப்போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். என் தலை உயரமாகப் போயிற்று. சரிந்து சரிந்து, முதுகு வளைய, ஒருவிதமாக அந்த ரைலில் தலையை வைத்தேன். ஹோல் முழுவதும் தெரிந்தது. நான் அந்த மாரிகாலம் முழுவதும் இருந்த கதிரை நேரே தெரிந்தது. நீர் இந்தப் பக்கத்திலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நெருப்பைப் பார்ப்பதென்றால் கழுத்தைத் திருப்பவேண்டும். நீர் கழுத்தைத் திருப்பியதாக எனக்கு நினைவில்லை.

எழும்பினேன். மருந்தை விசிறினேன். அழுத்தித் தேய்க்கவேண்டி வரும், கை நோகும், நடுவில் என்னால் முடியாமல் போகும் என்று எனக்குள் பயம். எத்தனை நாள் படிந்த எண்ணெய், எத்தனை நாள் நெருப்புச் சூட்டில் காய்ந்தது. துணியை வைத்து ஒருமுறை இழுத்தேன்.

போய்விட்டது.

மறுபடி இழுக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பூவும் மண்ணிறமும் மற்ற ரைல்ஸ் மாதிரியே ஆகிவிட்டன. பக்கவாட்டில் குனிந்து வெளிச்சத்தில் தேடினேன். எந்த ரைல் என்பதைக்கூடப் பூக்களை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. துணியை விரித்துப் பார்த்தேன், அதில் கொஞ்சம் கறுப்பு. அவ்வளவும்தான் நீர்.

அவர் திரும்பி வந்து, “முடிஞ்சுதே அண்ணை?” என்று கேட்டார். “முடிஞ்சுது,” என்றேன். துணியை என் கையிலிருந்து வாங்கி, வேறு குப்பைகளோடு பையில் போட்டார். அதை நான் தடுக்கவில்லை. அதை வைத்து என்ன செய்வது? பிறகு உரஞ்சுகிற சத்தம் வீடு முழுவதும் கேட்டது. நான் பின்முற்றத்தில் போய் நின்றேன்.

இன்று காலை ஹோலுக்குப் போனேன். மகளுக்குக் கொடுத்த வாக்கு, போய் இருந்து பார்க்க வேண்டும். வெயில் வந்து வெள்ளையில் விழுந்திருந்தது. நான் உம்முடைய இடத்தில் முதுகைச் சாய்த்து இருந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நெஞ்சு அடைக்கும் என்று பார்த்தேன். அடைக்கவில்லை. பல் டொக்டரிடம் என் முறைக்காகக் காத்திருக்கிறவன் மாதிரி இருந்தேன். வெளியே யாரோ கார் கதவைச் சாத்தினார்கள். நான் அதைக் கேட்டேன். நீர் வந்துவிட்டீரோ என்று உடம்பு திடுக்கிடவில்லை. இந்த வீட்டில் நீர் இல்லை என்று அதுவும் கடைசியில் படித்துவிட்டது.

நோவைப் போக்கத்தான் இவ்வளவும் செய்தோம். நோ போய்விட்டது. அந்த நோவுக்குள்தான் நீர் இருந்தீர் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அங்கே இருந்தபடியே மகளுக்குப் போன் எடுத்தேன்.

“அப்பா, ஹோலில இருந்து பாத்தனீங்களோ?” எடுத்தவுடன் கேட்டாள்.

“ஓம் பிள்ளை. இப்ப அங்கதான் இருக்கிறன்.”

“இருக்க ஏலுதா?”

“ஏலுது. ஒண்டும் செய்யேல்லை.”

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “தாங்க் கோட். அப்ப இனி நீங்கள் அங்கயே இருக்கலாம் அப்பா. நான் ஒண்டும் கேக்கமாட்டன்.”

“இல்லை பிள்ளை. நான் உங்களோட வாறன். வீட்டை விக்கக் குடு.”

“இருக்க ஏலுது எண்டு இப்பதானே சொன்னனீங்கள்.”

“அதுதான் பிள்ளை.”

போனுக்குள் அவள் அழத் தொடங்கினாள். செத்தவீட்டிலும் அந்தியேட்டியிலும் எனக்காக அடக்கி அடக்கி வைத்திருந்த பிள்ளை, வேலை இடத்தில் இருந்துகொண்டு வாய்விட்டு அழுதாள். “அம்மா உண்மையாவே போயிட்டா அப்பா,” என்றாள். ஓம் என்று மட்டும் சொன்னேன். அவளைத் தேற்றவேண்டும் என்று தோன்றவில்லை. அவள் அழுது முடியும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு வெள்ளைச் சுவரில் சாய்ந்திருந்தேன்.

என்னென்ன கொண்டுவரப் போகிறீர்கள் என்று பிறகு கேட்டாள். உம்முடைய சேலைகளை அவள் முதலே எடுத்துப் போய்விட்டாள். எனக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி உடுப்பும் மருந்துப் போத்தல்களும்தான். மற்றது இந்த வலது கை. அந்தத் துணியை இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனதே, அது கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. முகம் கழுவும்போது வருகிறது, சோறு குழைக்கும்போது வருகிறது, இதை எழுதும்போதும் வருகிறது. ஒஷாவாவுக்கும் என்னோடு வரும். நான் எவ்வளவு பயந்துகொண்டு துணியை வைத்தேன் என்று உமக்குத் தெரியாது. ஒரு இழுப்புக்கே விட்டுவிட்டீர். கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கலாம், நீர்.